மறுமணத்துக்கு முன் அவரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது தவறா?

வாசகியின் கடிதம் (அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன)

டெல்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 49 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் மாரடைப்பில் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்குத் திருமணமாகிவிட்டது, மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். மகளே முன்னின்று அம்மாவுக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு 54 வயது. விவாகரத்தானவர். பல வருடம் வளைகுடாவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி ஹார்டுவேர் கடை நடத்துகிறார். சர்க்கரை நோய் உண்டு. தை மாதம் பதிவுத் திருமணம் என்று முடிவாகியிருக்கிறது.

பேசிப் பழகிய காலத்தில் ஒருநாள் அவர் தாமாகவே ஒரு விஷயத்தைச் சொன்னாராம். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் இருந்தபோது, ஆணுறுப்பில் வலியில்லாத புண் ஒன்று வந்திருக்கிறது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று சொல்லி இரண்டு பக்கமும் ஊசி போட்டிருக்கிறார்கள். புண் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஓரிரு முறை அதே பகுதியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்து ஒரு வாரத்தில் மறைகின்றனவாம். "அது சூட்டுக் கொப்புளம், இளநீர் குடித்தால் போய்விடும் என்கிறார்" என்று சகோதரி எழுதுகிறார்.

அவருடைய கேள்விகள்: அந்தப் பழைய நோய் எனக்கும் ஒட்டுமா? பரிசோதனை செய்யச் சொன்னால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகாதா? அவர் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்து எல்லாம் நார்மல் என்று வந்திருக்கிறதே, அது போதாதா? எனக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகிறது, இந்த வயதில் ஆணுறை எதற்கு? உறவுக்குப் பின் டெட்டால் விட்டுக் கழுவினால் கிருமி தங்காது என்று தோழி சொல்கிறார், சரியா? முடிவு ஊருக்குத் தெரிந்துவிட்டால் மகளின் புகுந்த வீட்டில் தலை நிமிர முடியுமா?

கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி: "எனக்கு எந்தப் பிரச்சினையும் கிடையாது. 1998-ல் மகன் பிறந்தபோது ரத்தம் ஏற்றினார்கள், அவ்வளவுதான்."

பால்வினை நோய் மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

யாரும் கேட்காமல், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நோயைத் திருமணத்துக்கு முன்பே சொன்ன ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிரிவுக்கு வருகிற ஆண்கள் பலர், "என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியக் கூடாது டாக்டர்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அவர் நல்லவரா, உங்களுக்கு ஏற்றவரா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால், இன்ன நோய் வந்தது என்று தெரிந்துவிட்டால் அது அடுத்தவருக்குப் போகாமல் தடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. சொல்லாமல் மறைத்த நோயிடம்தான் எங்கள் கைகள் கட்டிப்போடப்படுகின்றன.

உங்கள் பயம் முழுக்க அந்தப் பழைய சிபிலிஸின் மேல் இருக்கிறது. கொப்புளத்தை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். என் கணிப்பு இதற்கு நேர்மாறானது. சிபிலிஸிலிருந்து உங்களுக்கு இனி ஆபத்து வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இளநீரில் போய்விடுவதாக அவர் நினைக்கும் கொப்புளம்தான் உங்களுக்குத் தொற்றக்கூடியது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

அந்தப் பழைய நோய்

கிரந்தி, மேகப்புண் என்று நம் முந்தைய தலைமுறையினர் சொன்னவற்றில் சிபிலிஸும் அடக்கம். கிருமி உள்ளே போய்ச் சராசரியாக மூன்று வாரத்தில் வலியில்லாத புண் ஒன்று வரும். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் அது ஆறிவிடும். மருந்தே எடுக்காவிட்டாலும் ஆறிவிடும் என்பதுதான் இந்த நோயின் சூது. ஆகவே புண் ஆறியதை வைத்து நோய் தீர்ந்தது என்று எந்த மருத்துவரும் முடிவு செய்யமாட்டார். சிகிச்சை பெறாத சிலருக்குக் கிருமி உடலுக்குள் பதுங்கியிருந்து, பத்து முதல் முப்பது ஆண்டுகள் கழித்து இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியையோ மூளையையோ தாக்கும்.

அவர் சொன்ன "இரண்டு பக்கமும் ஊசி" எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து, பிட்டத்தின் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் போடுவது வழக்கம். ஆரம்பக் கட்டத்துக்கு அந்த ஒரு தவணையே போதும். 1940-களில் இந்த நோய்க்குப் பென்சிலின் கொடுக்கத் தொடங்கினார்கள். எத்தனையோ கிருமிகள் மருந்துகளை மீறப் பழகிவிட்ட இந்தக் காலத்திலும் சிபிலிஸ் கிருமி பென்சிலினுக்கு அடங்கியே இருக்கிறது.

ஆனாலும் கையில் மருத்துவச் சீட்டு எதுவும் இல்லாததால் ரத்தப் பரிசோதனை செய்வதே முறை. இதில் இரண்டு வகை உண்டு. வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற பரிசோதனை, நோய் இப்போது எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பதை 1:2, 1:8, 1:32 என்ற அளவுகளில் ஓரளவு காட்டும். சிகிச்சைக்குப் பிறகு இந்த அளவு இறங்கும். டி.பி.எச்.ஏ. என்ற மற்றொன்று, ஒருமுறை நோய் வந்திருந்தால், முழுமையாகக் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும். இது தெரியாமல் டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்ற சீட்டைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தியவர்கள் உண்டு. நீங்கள் அப்படிப் பதறக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். டி.பி.எச்.ஏ. பாசிட்டிவாகவும் வி.டி.ஆர்.எல். நெகட்டிவாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் அது பெரும்பாலும் பழைய தழும்பு. சந்தேகம் மிச்சமிருந்தால், பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஊசி போட்டுவிடுவார்கள். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

இன்னொன்று. சிபிலிஸ் உடலுறவு மூலம் பரவுவது பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில்தான். இருபது ஆண்டு பழைய நோய் இனி உங்களுக்கு ஒட்டுவதற்கு வாய்ப்பு அரிது. ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் மறுமுறை வராது என்று அம்மை நோய்போல் நினைத்துவிட வேண்டாம். சிபிலிஸ் எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகத் தொற்றும்.

யாரோ ஒருவருக்கு என்று சொல்லி உங்கள் அண்ணனிடம் கேட்டதில், "அந்த வியாதி இருந்தால் கல்யாணமே செல்லாது" என்றாராம். நான் வழக்கறிஞர் இல்லை. ஆயினும் எங்கள் துறையோடு தொடர்புள்ள சட்டம் என்பதால் தெரியும்: 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிறருக்குத் தொற்றக்கூடிய நிலையில் பால்வினை நோய் இருப்பதை விவாகரத்து கேட்பதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. எப்போதோ வந்து குணமான நோய்க்கு அது பொருந்தாது.

கொப்புளம் சூட்டினால் வருவதல்ல

உடம்புச் சூடு என்ற ஒரு காரணத்தை நம் ஊரில் எத்தனை நோய்களுக்குச் சொல்கிறோம்! நீர்க்கடுப்பு, வாய்ப்புண், வெள்ளைப்படுதல், கண் எரிச்சல் என்று எல்லாமே சூட்டில் போய் முடிந்துவிடுகின்றன. இளநீரும் வெந்தயமும் உடம்புக்கு நல்லவை, குடிக்கட்டும். ஆனால் பிறப்புறுப்பில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸைத்தான். அக்கி என்று குயவரிடம் போய்க் காவி மண்ணால் எழுதிக்கொள்கிறார்களே, அது வேறு வைரஸ். சின்னம்மைக் கிருமியின் மிச்சம் அது. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக, பெரும்பாலும் வாழ்வில் ஒரே ஒரு முறைதான் வரும்.

பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன். சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு முன்தோலில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். அரிப்பும் வெடிப்பும் இருக்கும். சிலருக்கு ஏதாவது ஒரு வலி மாத்திரையோ வயிற்றுப்போக்கு மாத்திரையோ போடும்போதெல்லாம் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பி, ஆறியபின் கருந்தடம் விட்டுப்போகும். அது மருந்து ஒவ்வாமை, யாருக்கும் ஒட்டாது. ஆகவே கொப்புளம் வந்த முதல் இரண்டு மூன்று நாளுக்குள், களிம்பு எதுவும் பூசாமல், அவர் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறிய பிறகு வந்தால் எங்களாலும் ஊகிக்கத்தான் முடியும். கொப்புளத்து நீரில் எடுக்கும் பரிசோதனைதான் நம்பகமானது.

ஹெர்ப்பிஸ்தான் என்று தெரியவந்தால் உலகம் இடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் வைரஸைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. உயிருக்கு ஆபத்து தருகிற நோயாக இது இருப்பது மிக அரிது. நரம்பு முடிச்சில் தங்கிவிடுவதால் வைரஸை அடியோடு அகற்ற மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்க நல்ல மருந்து இருக்கிறது. வருடங்கள் செல்லச் செல்ல அதன் வீரியமும் குறையும்.

உங்களுக்குத் தொற்றாமல் இருக்க மூன்று அரண்கள் உண்டு. கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் ஊசி குத்துவதுபோல், எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்வு பலருக்கு வரும். அந்த உணர்விலிருந்து பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக ஆறும்வரை உடலுறவு கூடாது. இது முதல் அரண். ஆனால் கொப்புளமே இல்லாத நாட்களிலும் வைரஸ் சிறிது வெளிப்படும் என்பதால் ஆணுறை தேவை. உறை மூடாத தோலிலிருந்தும் தொற்றலாம் என்பதால் அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல, ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். மூன்றாவதாக, நோய் உள்ளவர் தினமும் வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் எடுத்துக்கொண்டால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துவிட்டே மருத்துவர் இதை எழுதுவார். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, "பரவாயில்லை, வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்" என்று இருவரும் பேசி முடிவெடுக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். "வேண்டாம், உறை எப்போதும் வேண்டும்" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரியான முடிவுகளே. தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும், அது உங்களுடையதாகவும் இருக்க வேண்டும்.

மாஸ்டர் செக்கப் எதைப் பார்க்கவில்லை

சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், இ.சி.ஜி., வயிற்று ஸ்கேன் ஆகியவைதான் அந்தப் பொதிப் பரிசோதனைகளில் பெரும்பாலும் இருக்கும். வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள் ஆகியவற்றை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. எச்.ஐ.வி.யை ஒருவரின் சம்மதம் இல்லாமல் சேர்க்கவும் கூடாது. 'எல்லாம் நார்மல்' என்றால் 'பார்த்ததெல்லாம் நார்மல்' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "விசா மெடிக்கலில் ஃபிட் என்றார்கள்" என்று அவர் சொல்வதும் இதே கதைதான். வளைகுடா விசாவுக்கான மருத்துவத்தில் இந்தப் பரிசோதனைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவருக்குப் புண் வந்தது அங்கே போன பிறகு அல்லவா?

இனி, நீங்கள் ஒரே வரியில் விட்டுச் சென்ற விஷயத்துக்கு வருகிறேன். 1998-ல் உங்களுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அப்போது நம் நாட்டு ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமாக்கப்படவில்லை. அந்த வைரஸ் கல்லீரலில் இருபது முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தம்பதிக்குள் உடலுறவால் அது பரவுவது அரிது. இருந்தாலும், 12 வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாகிவிடும் நோய் அது, அரசுத் திட்டத்தில் மருந்தும் இலவசம். அப்புறம் ஏன் பார்க்காமல் இருக்க வேண்டும்? பரிசோதனை அவருக்கு மட்டும் என்ற எண்ணத்தை இதை முன்னிட்டாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

இருவரும் செய்துகொள்ள வேண்டியவை: எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (அவருக்கு டி.பி.எச்.ஏ.யும் சேர்த்து), ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. வெட்டை (கொனோரியா), கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுகளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை, பல ஆண்டுகளாக யாருடனும் உறவு இல்லாதவர்களுக்கு அவசியமா என்பதை மருத்துவர் கேட்டுவிட்டு முடிவு செய்வார். உங்களுக்குக் கூடுதலாக ஒன்று: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை. அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸும் உடலுறவால் வருவதுதான். முதல் திருமணத்திலேயே வந்து சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதைச் செய்கிறார்கள், கேளுங்கள்.

எச்.ஐ.வி.யில் 'ஜன்னல் காலம்' என்ற ஒன்று உண்டு. தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் அது தெரியாது. அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டதால் அந்தக் காலத்துத் தொற்றுக்கு இது பொருந்தாது. கடந்த மூன்று மாதத்துக்குள் இருவரில் யாருக்காவது வேறு தொடர்பு இருந்திருந்தால் மட்டும், மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். ஒருவேளை பாசிட்டிவ் என்றே வந்தாலும், தினமும் மாத்திரை எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவால் அது பரவுவதில்லை. இந்த உண்மை இன்னும் நம் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதற்குப் பின் வந்த வருடங்களின் அச்சமும், 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா' என்று சுவரெல்லாம் கேட்ட விளம்பரமும் நம் தலைமுறையின் மனத்தில் பதிந்துவிட்டன. அந்த விளம்பரம் நோயைப் பற்றி ஊரையே பேச வைத்தது, அந்த நன்மையை மறுக்கமாட்டேன். கூடவே, இது யாரோ ஒரு புள்ளிராஜாவுக்கு வரும் நோய், நமக்கல்ல என்ற நினைப்பையும் சிலரிடம் விட்டுப்போய்விட்டது.

ஹெபடைடிஸ் பி உடலுறவால் எச்.ஐ.வி.யைவிட எளிதில் பரவும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் பெரும்பாலோர் போட்டுக்கொண்டதில்லை. பரிசோதனையில் இல்லை என்று வந்ததும் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. இந்த ஆவணியில் தொடங்கினால் தைக்குள் இரண்டு ஊசி முடிந்திருக்கும், மூன்றாவது மாசியில்.

மாதவிடாய் நின்ற பின்னும் ஆணுறை எதற்கு?

முதலில், கர்ப்பத்தைப் பற்றிய உங்கள் கணக்கிலேயே ஒரு சிறு திருத்தம். 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டுகள்வரை கருத்தடை முறையைக் கைவிடக் கூடாது என்பதே மருத்துவ அறிவுரை. 50-க்கு மேல் நின்றால் ஓராண்டு போதும். உங்களுக்கு வயது 49, நின்று 14 மாதம். குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ளாதவர் என்றால் இன்னும் பத்து மாதம் கவனம் தேவை.

கர்ப்பத்தை விடுங்கள், தொற்றுக்கு வருகிறேன். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பெண்ணுறுப்பின் உட்சவ்வு மெலிந்து வறண்டுவிடுகிறது. உறவின்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். இளம் வயதில் காவல் காத்த அமிலத்தன்மையும் குறைகிறது. ஆகவே இந்த வயதில் கிருமிக்கு நுழைவழி கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எரிச்சலும் வலியும் இருக்கலாம், அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தண்ணீர் அடிப்படையிலான வழுவழுப்பு ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். அது போதாவிட்டால் மகளிர் மருத்துவர் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார். தேங்காய் எண்ணெய், வாஸ்லைன் இரண்டும் ஆணுறையோடு சேர்த்து வேண்டவே வேண்டாம். எண்ணெய் பட்டால் லேடக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழிந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உறை போட்டால் பாதுகாப்பு கூடும் என்பதும் தவறு. உரசிக் கிழியத்தான் செய்யும். பர்ஸிலோ கடை கல்லாவிலோ வெயிலில் வெந்த உறையும் பயன்படாது. காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

சர்க்கரை உள்ள ஆண்களுக்கு விறைப்புத் தளர்ச்சி இருக்கலாம். உறை போடுகிற நேரத்தில் அது இன்னும் கூடும், அந்தக் கூச்சத்தில் உறையையே தவிர்த்துவிடுவார்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் கோபப்படாமல் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

டெட்டால் விஷயம்: தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த சவ்வை அது புண்ணாக்கும், நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழிக்கும், தொற்றுக்கு வழி இன்னும் அகலும். உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டியதே இல்லை. வெளியே சாதாரணத் தண்ணீர் போதும். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டால் வராது என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

எத்தனை நாளைக்கு உறை? இருவர் பரிசோதனை முடிவும் கைக்கு வந்து, தேவையான சிகிச்சை முடியும்வரை கட்டாயம். அதன் பிறகு, கொப்புளம் ஹெர்ப்பிஸ் இல்லை என்று தெளிவாகி, இரண்டாண்டுக் கணக்கும் முடிந்து, ஒருவருக்கு ஒருவர் மட்டுமே என்று இருப்பீர்கள் என்றால் விட்டுவிடலாம்.

எங்கே போவது, யாருக்குத் தெரியும்?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் 'சுகவாழ்வு மையம்' என்ற பெயரில் பால்வினை நோய்ப் பிரிவும், 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையமும் இருக்கின்றன. இரண்டிலும் ஆலோசகர் இருப்பார், கட்டணம் இல்லை. உங்கள் ஊரில் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே சந்தேகம் கேட்கலாம்.

2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சம்மதம் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகளைத் தவிர, முடிவை உங்கள் அனுமதியின்றி யாரிடமும் சொல்லக் கூடாது. வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. இதன் மறுபக்கத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்: அவருடைய முடிவை மருத்துவமனை தானாக உங்களிடம் தராது. ஆகவே இருவரும் சேர்ந்தே போய், முடிவை இருவருக்கும் ஒன்றாகச் சொல்லலாம் என்று முன்கூட்டியே ஆலோசகரிடம் சம்மதம் தெரிவித்துவிடுங்கள். தம்பதியாக வருபவர்களை எங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் கையில் இரண்டு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்களுடைய 1998-ஆம் வருட ரத்தம். "எனக்கு ஒரு பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், துணைக்கு வருகிறீர்களா? நீங்களும் அப்படியே பார்த்துவிடுங்கள்" என்று ஆரம்பியுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. இரண்டாவது, அவருடைய நலன். அந்த ஊசிக்குப் பிறகு அவர் ஒருமுறைகூடத் திரும்பப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. இருபது வருடமாக அவரும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்திருப்பார். சந்தேகத்தோடு கேட்பதாக அவருக்குத் தோன்றாது, அக்கறையாகத்தான் தோன்றும்.

மறுத்துவிட்டால்? காரணம் என்ன என்று கேளுங்கள். ஊசி பயம், ஊர் பயம் என்றால் அவகாசம் கொடுக்கலாம், அதுவரை உடலுறவைத் தள்ளிப்போடலாம். பதிவுத் தேதியையே தள்ளிவைக்கலாம், அதில் குற்றம் எதுவும் இல்லை. "என்னை நம்பவில்லையா" என்று திரும்பத் திரும்ப மடக்கினாலோ, உறையும் வேண்டாம் பரிசோதனையும் வேண்டாம் என்று அதட்டினாலோ, அது வேறு சங்கதி. அப்போது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு நடந்தாலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் ரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாகவே கருதுகிறது. 181 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். தாமாகச் சொன்ன ஒருவர் இந்த அளவுக்குப் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, இருந்தாலும் தெரிந்து வைத்திருங்கள்.

மகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. அவருடைய பழைய நோய் அவர் உங்களிடம் நம்பிச் சொன்னது. மகள் கேட்டால், "இரண்டு பேரும் டாக்டரைப் பார்த்துவிட்டோம்மா" என்ற ஒரு வார்த்தை போதும். போகும்போது அவருடைய சர்க்கரை மாத்திரைச் சீட்டையும், உங்கள் 1998 பிரசவச் சீட்டு பெட்டியில் எங்காவது இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை கொப்புளம் வந்தால், அது எந்த நாளாக இருந்தாலும், கடையை மூடிவிட்டு அன்றே மருத்துவரிடம் போகும்படி இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.